ஓரிடத்தில் தங்காத பிள்ளைகளுக்குத் தடுப்பூசி: பர்மாவில் புதிதாகச் சேரும் தொண்டர்களுக்கு

கோயில் இளைஞர் சங்கம் மூலமாகவோ, தெரிந்த சயாமா (சுகாதார நிலைய மருத்துவச்சி) கூப்பிட்டோ தடுப்பூசி முகாமுக்குப் பெயர் கொடுத்திருப்பீர்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஊசி போடுவது சயாமாவின் வேலை. நீங்கள் சிரிஞ்சைத் தொடவே கூடாது. பிள்ளையைக் கண்டுபிடிப்பது, தாயைப் பேசிச் சம்மதிக்கவைப்பது, மருந்துப் பெட்டியைக் குளிர் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது, பெயர் எழுதுவது, அதே பிள்ளை அடுத்த டோஸுக்கும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது எல்லாம் உங்கள் பொறுப்பு. இதில் கடைசி வேலைதான் பெரும்பாடு. ஊரோடு இருக்கும் பிள்ளைக்கு அது தானாக நடந்துவிடும். இன்றைக்கு ரப்பர் தோட்டத்திலும் இரண்டு மாதம் கழித்து வேறு மாவட்டத்திலும் இருக்கும் பிள்ளைக்கு யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டால்தான் நடக்கும்.

யாரைத் தேடுகிறோம்

மோன் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் குடும்பங்கள் புதிதல்ல. பெகூவிலிருந்தும் டெல்டாவிலிருந்தும் ரப்பர் பால் வெட்ட வருபவர்கள், செங்கல் சூளை ஓரம் குடிசை போட்டுத் தங்குபவர்கள், உப்பளத்துக்கு வருபவர்கள், நடவுக்கும் அறுப்புக்கும் ஊர் ஊராய்ப் போகும் கூலிக் குடும்பங்கள், சண்டைக்குப் பயந்து ஊரைக் காலி செய்தவர்கள், பெற்றோர் தாய்லாந்துக்குப் போய்விட பாட்டியிடம் வளரும் பிள்ளைகள். இன்னும் தெற்கே மெர்குயித் தீவுகளில் மோக்கன்கள் இருக்கிறார்கள். பர்மியர் அவர்களைச் சலோன் என்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் படகையே வீடாக வைத்திருந்தவர்கள். இப்போது பெரும்பாலோர் தீவுக் கிராமங்களில் குடியிருந்தாலும் நல்ல கடல் காலத்தில் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறவர்களும் உண்டு.

இவர்களில் முதலில் தேட வேண்டியது பென்டாவின் முதல் டோஸ்கூடப் போடாத பிள்ளையை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு (டெட்டனஸ்), மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் சேர்த்துப் போடும் ஊசி அது. பர்மாவில் 2012-இலிருந்து போடுகிறார்கள். 2, 4, 6 மாதங்களில் கொடுக்க வேண்டியது. அந்த முதல் டோஸே கிடைக்கவில்லை என்றால் அந்த வீட்டுக்கு வேறெந்தத் தடுப்பூசியும் போய்ச் சேர்ந்திருக்காது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தைகளை மட்டும் தேடாதீர்கள். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பல ஊர்களில் வழக்கமான தடுப்பூசி மாதக்கணக்கில் நின்றுபோனது. கொரோனாக் காலத்திலும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளில் பலர் இன்று ஓடியாடுகிற வயதில் இருக்கிறார்கள், தடுப்பூசி அட்டையே இல்லாமல். அவர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ன வயதுக்கு இன்ன ஊசி என்பதைச் சயாமா முடிவு செய்வார்.

இதெல்லாம் அவசியமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்லலாம். 2016-இல் நாகா மலையில் லாஹே, நான்யூன் பக்கம் தட்டம்மை பரவிப் பல பிள்ளைகள் இறந்தார்கள். என்ன நோய் என்றே முதலில் தெரியவில்லை. பக்கத்தில் சுகாதார நிலையமும் கிடையாது. அடுத்தது போலியோ. தென்கிழக்கு ஆசியா போலியோ ஒழிந்த பகுதி என்று 2014 மார்ச்சில் அறிவித்தார்கள். 2019-இல் கரேன் மாநிலத்தில் சொட்டு மருந்திலிருந்தே உருமாறிய போலியோக் கிருமி பிள்ளைகளைத் தாக்கியது. சொட்டு மருந்து கிடைக்காத பிள்ளைகள் ஓரிடத்தில் பெருகிவிட்டால் அந்தக் கிருமி கைமாறிக் கைமாறி உருமாறிவிடுகிறது. தட்டம்மைக்கோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். விடுபட்ட அந்தக் கொஞ்சப் பேர் ஒரே தோட்டத்தில், ஒரே படகுக் கூட்டத்தில் ஒன்றாக இருந்தால் மொத்தக் கணக்கு நன்றாக இருந்து பயனில்லை.

முதலில் காலண்டர், பிறகு வரைபடம்

புதிதாக வருபவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எப்படிப் போவது, எத்தனை மைல், படகா மோட்டார் சைக்கிளா என்று ஆரம்பிப்பார்கள். எப்போது போனால் அவர்கள் அங்கே இருப்பார்கள் என்பதை அதற்கு முன்னால் கேளுங்கள். ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, எந்தத் தொழில்காரர்கள் எந்த மாதம் எங்கே என்று நிரப்பிக்கொண்டு வாருங்கள். முகாம் வேலையில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

ரப்பரை எடுத்துக்கொள்வோம். பெருமழையில் பால் வெட்டு நின்றுவிடும், பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். மழை ஓய்ந்த பிறகு திரும்பி வருகிறவர்கள் இலை உதிரும் காலம்வரை தோட்டத்தில் இருப்பார்கள். அதனால் வந்து சேர்ந்த முதல் மாதத்திலேயே முதல் டோஸைப் போட்டுவிட்டால் அதே பருவத்துக்குள் இரண்டு, மூன்றாவது டோஸையும் முடித்துவிடலாம். பருவம் பாதி போனபின் ஆரம்பித்தால் மூன்றாவது டோஸ் நேரத்தில் பிள்ளை பெகூவில் இருக்கும். சூளைக்கும் உப்பளத்துக்கும் வெயில் காலம்தான் வேலை. மழை விழுந்தால் ஆளைப் பார்க்க முடியாது. நடவு ஆட்கள் மழை தொடங்கியதும் வருவார்கள். அறுப்பு ஆட்கள் மழை ஓய்ந்து வருவார்கள்.

மோக்கன்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் தீவுக் கிராமத்தில் கூடியிருப்பது மழைக்காலத்தில். நம் படகு போக முடியாத காலமும் அதுதான். அதனால் இரண்டு சந்து நேரங்கள்தான் கிடைக்கும்: மழை பிடிப்பதற்குச் சற்று முன் அவர்கள் கரை திரும்பும்போது ஒன்று, மழை ஓய்ந்ததும் அவர்கள் கிளம்புவதற்குள் இன்னொன்று. தேதி குறிக்கும்போது ஓதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிக் கடல் நன்றாக வற்றும் நேரத்தில் சிப்பி பொறுக்கப் பெண்களும் பிள்ளைகளும் கரையோரம் போய்விடுவார்கள். நீங்கள் காலி வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மாதம் சரியாக இருந்தாலும் நேரம் தவறலாம். பால் வெட்டுபவர்கள் நள்ளிரவுக்கு மேல் எழுந்து விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு போவார்கள். விடிந்தபின் பால் எடுத்து, ஷீட் போட்டு, வீடு திரும்பும்போது நன்றாக வெயில் ஏறியிருக்கும். அவர்களைக் காலை எட்டு மணிக்கு வரச் சொன்னால் யார் வருவார்கள்? சாப்பிட்டுப் படுத்து எழுந்த பிறகு, மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். நம் சௌகரியத்துக்குக் காலையில் முகாம் வைத்துவிட்டு “அந்த ஆட்களுக்கு அக்கறையே இல்லை” என்று எழுதுகிற அறிக்கைகள் எனக்குப் பிடிக்காது.

திருவிழாக்களையும் அதே தாளில் குறித்துவையுங்கள். சிதறிக் கிடக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு எப்படியாவது வந்துவிடும். பர்மியக் குடும்பங்கள் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்குச் சொந்த ஊர் போய்ச் சேரும். அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில், நிழலில் ஒரு மேசை போட இடம் கொடுங்கள் என்று கோயில் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

யாரைப் பிடிப்பது

ஊர்த்தலைவரைப் பார்த்து அனுமதி வாங்குவது கட்டாயம். ஆனால் இடம் மாறும் குடும்பங்களைப் பற்றி அவருக்கு அதிகம் தெரிந்திருக்காது. தோட்டத்தில் கங்காணி, சூளையில் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்த ஏஜெண்ட், தீவுகளில் மீனும் கடல் அட்டையும் வாங்கும் தவுக்கே (முதலாளி), சந்தையில் அரிசி கடன் கொடுக்கும் கடைக்காரம்மா, இவர்களைக் கேளுங்கள். எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது, எப்போது திரும்பும் என்று விரல் விட்டுச் சொல்வார்கள். கடன் கொடுத்தவருக்குத் தெரியாத விலாசம் இல்லை.

அவர்களிடம் பேசும்போது ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. “நீங்க சொல்லி எல்லாரையும் வரிசையில நிறுத்துங்க” என்று அதிகாரத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். கங்காணி மிரட்டிக் கூட்டி வந்த தாய் இன்றைக்கு வருவாள், அடுத்த மாதம் ஒளிந்துகொள்வாள். தகவலும் இடமும் மட்டும் கேளுங்கள், ஒரு மணி நேரம் வேலையிலிருந்து விடச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்திலேயே எல்லாரும் மதிக்கும் ஒரு பெண்ணைப் பிடியுங்கள். பிரசவம் பார்க்கும் கிழவி இருந்தால் இன்னும் நல்லது. கரேன் பேசுபவர்களுக்குக் கரேன் பேசும் பெண், மோன் பேசுபவர்களுக்கு மோன் பேசும் பெண் உடன் வர வேண்டும். நாம் பேசும் பர்மியம் அவர்களுக்கும் இரண்டாம் மொழிதான்.

சில பகுதிகளில் கரேன், மோன் அமைப்புகளின் சொந்தச் சுகாதாரக் குழுக்களே தடுப்பூசி போடுகின்றன. அங்கே அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். எந்தப் பாதையில், எந்தச் சாவடி வழியாகப் போகலாம் என்பதைக் குழுத் தலைவர் முடிவு செய்வார். அரசியல் பேச்சு வேண்டாம், சீருடை மாதிரித் தெரியும் உடை வேண்டாம், கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.

மருந்துப் பெட்டி

இதை நிதானமாகப் படியுங்கள். வழியில் குளிர் கெட்டால் நாம் போட்டது வெறும் தண்ணீர்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். போலியோச் சொட்டு சூட்டுக்குச் சீக்கிரம் கெடும். பென்டா, நிமோகாக்கல், போலியோ ஊசி இவையெல்லாம் உறைந்தால் போச்சு. ஃப்ரீஸரிலிருந்து கல்லாக எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் (மருந்துப் பெட்டியில்) அடுக்கினால் ஓரத்தில் இருக்கும் பென்டா குப்பி உறைந்துவிடும். அதனால் ஐஸ் பேக்குகளை வெளியே எடுத்து மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி வையுங்கள். மேலே வேர்த்து, காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அந்தச் சத்தம் வருகிறவரை காத்திருங்கள். படகுக்காரர் கத்தினாலும் சரி. அதன்பிறகு நான்கு பக்கமும் நான்கு பேக், நடுவில் குப்பிகள், மேலே பஞ்சு அட்டை, மூடி.

ஒவ்வொரு குப்பியிலும் ஒரு சிறு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்தைப் பயன்படுத்தலாம். சூடு ஏற ஏறச் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கே வந்துவிட்டாலோ, அதைவிடக் கறுத்துவிட்டாலோ சயாமாவிடம் சொல்லித் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இந்த அடையாளம் சூட்டை மட்டும்தான் காட்டும். உறைந்ததா என்று காட்டாது.

தட்டம்மை-ருபெல்லா, பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) மருந்துகள் பொடியாக வரும். அதற்கென்று வந்த கரைசலில்தான் கலக்க வேண்டும். வேறு கம்பெனிக் கரைசலையோ கையில் கிடைத்த வேறு குப்பியையோ சேர்க்கவே கூடாது. பொடி எத்தனை குப்பியோ அத்தனை கரைசல் இருக்கிறதா என்று கிளம்புமுன் எண்ணுவது உங்கள் வேலை. கலக்கிய மருந்து ஆறு மணி நேரமோ முகாம் முடியும்வரையோ, எது முந்தியதோ அதுவரைதான். மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற சிக்கனம் குழந்தையின் உயிரைக் குடித்துவிடும்.

அதற்காக, “ஒரே ஒரு பிள்ளைக்குப் பத்து டோஸ் குப்பியைத் திறப்பதா?” என்று தயங்கவும் கூடாது. பகல் முழுக்கப் படகோட்டி வந்த இடத்தில் ஒரு பிள்ளைதான் இருக்கிறது என்றால் அந்த ஒரு பிள்ளைக்காகத் திறங்கள். மிச்சம் வீணாகட்டும். அந்தக் கணக்கைச் சேர்த்துத்தான் மருந்து கேட்டு வாங்க வேண்டும்.

படகில் கேரியரைத் தரையில் வைக்காதீர்கள், அடியில் நிற்கும் தண்ணீர் ஏறிவிடும். பலகைமேல் வைத்து, கட்டி, ஈரச் சாக்கு போட்டு, நிழலில் வையுங்கள். மூடியை அடிக்கடி திறக்கக் கூடாது. உங்கள் குடிநீர் பாட்டிலுக்கு அது ஃப்ரிட்ஜ் அல்ல.

முகாம் அன்று

நிழல் தேடுங்கள். ஒரு வழியாக உள்ளே வந்து இன்னொரு வழியாக வெளியே போகும்படி கயிறு கட்டுங்கள். முதலில் பெயர் எழுதும் மேசை, அடுத்து சயாமா, அதற்கப்புறம் உட்காரும் பாய். ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது அந்தப் பாயில் இருக்கச் செய்யுங்கள். அபூர்வமாக ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க வேண்டும். அதற்கான மருந்து சயாமாவிடம் இருக்கிறதா என்று காலையிலேயே கேட்டுவையுங்கள். போட்ட ஊசியை மூடி போடாமல் அப்படியே பாதுகாப்பு அட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும். பெட்டி முக்கால் நிரம்பியதும் மூடிவிடுங்கள். அமுக்கித் திணிக்கப்போய்க் கையில் குத்திக்கொள்பவர்கள் தொண்டர்கள்தான்.

லேசான சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மெலிந்த உடம்பு, இவற்றுக்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். சயாமா பார்த்துச் சொல்லட்டும். நாள் தள்ளிப்போன பிள்ளைக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி வெவ்வேறு இடத்தில் போடலாம். அடுத்த மாதம் கண்ணில் படாத பிள்ளைக்கு இது பெரிய வரம்.

வயது தெரியாது என்பார்கள். தேதி கேட்காமல் சம்பவம் கேளுங்கள். “2025 மார்ச்சுல பூமி ஆடுச்சே, அப்ப வயித்துலயா, கையிலயா?” “அந்தத் திஞ்ஜானுக்கு உக்காந்துடுச்சா, தவழ்ந்துச்சா?” “வாசோ (மழைக்கால நோன்பு தொடங்கும் பௌர்ணமி) முன்னாடியா பின்னாடியா?” இரண்டு மூன்று கேள்வியில் மாதக் கணக்கு வந்துவிடும். தட்டம்மை ஊசிக்கு 9 மாதம், 18 மாதம் என்பதால் இந்தக் கணக்கு முக்கியம்.

எழுதுவது

பெயர் எழுதுவதில் நம் ஆட்களிடமே குழப்பம் அதிகம். வீட்டில் முருகேசன், பள்ளிக்கூடத்தில் மவுங் என்று தொடங்கும் பர்மியப் பெயர். போன வருஷம் ஒரு பெயர், இந்த வருஷம் ஒரு பெயர் என்று எழுதினால் இரண்டு பிள்ளையாகிவிடும். இரண்டு பெயரையும் எழுதி, தாயின் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள்.

அடையாள அட்டை, குடும்பப் பட்டியல் எதையும் கேட்காதீர்கள். காகிதம் இல்லாத குடும்பங்கள் பட்டியல் என்ற சொல்லுக்கே பயந்து நிற்கின்றன. எதற்காக எழுதுகிறோம், யாரிடம் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோட்டுப் புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து வைக்காதீர்கள், கைப்பேசியில் படம் எடுத்துக் குழுவில் போடாதீர்கள்.

விலாசம் என்ற கட்டத்தில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: இப்போது எங்கே, இந்த வேலை முடிந்தால் எங்கே, எப்போதும் தகவல் தெரிந்த ஒருவர் யார். சொந்த ஊரில் இருக்கும் பாட்டியின் போன் நம்பர் பல தடவை கைகொடுக்கும்.

அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். தாயின் போனிலேயே அதைப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தாய்லாந்துக்குப் போகிற குடும்பமாக இருந்தால் அட்டையைக் கட்டாயம் எடுத்துப்போகச் சொல்லுங்கள். தாய்லாந்து எல்லை ஊரான மேசோட்டில் டாக்டர் சிந்தியா மவுங் 1989-இல் தொடங்கிய மேத்தாவ் கிளினிக் போன்ற இடங்களில் அதைப் பார்த்துத் தொடர்ந்து போடுவார்கள்.

தாயிடம் சொல்ல வேண்டியது

என்ன மருந்து, எதற்கு, என்ன வரும், அடுத்து எப்போது. இந்த நான்கும் போதும். இதில் “என்ன வரும்” என்பதை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். பென்டா போட்ட இரவு காய்ச்சல் வரலாம். பிசிஜி போட்ட இடம் சில வாரத்தில் புண்ணாகி ஆறித் தழும்பாகும், அதில் எதையும் பூச வேண்டாம். தட்டம்மை ஊசிக்கோ ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலும் செம்பொட்டுகளும் வரும். அப்போது நாம் மோல்மீனில் இருப்போம், அவர்கள் கடலில் இருப்பார்கள். “ஊசி போட்டுத்தான் அம்மை வந்துச்சு” என்று படகுக்குப் படகு செய்தி போய்விடும். ஊசி போட்ட அன்றே சொல்லிவைத்திருந்தால், “அந்தப் பொண்ணு அன்னிக்கே சொன்னிச்சு” என்று அதே செய்தி நமக்குச் சாதகமாகப் போகும்.

நம் வீடுகளில் அம்மை என்றால் ஆத்தா வந்திருக்கிறாள், வேப்பிலை போதும், ஊசி கூடாது என்பார்கள். அந்த நம்பிக்கையோடு சண்டைக்குப் போகாதீர்கள். வேப்பிலை கட்டட்டும், கூழ் ஊற்றட்டும். தட்டம்மையில் மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு போனாலோ உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். அம்மை வராத பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்கு ஆத்தா தடை சொல்லவில்லை என்று கோயில் பூசாரியே சொன்னால் நாம் மணிக்கணக்கில் பேசுவது மிச்சம்.

கிளம்புமுன்

கூட்டம் கலைந்ததும் பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். இருவர் மட்டும் குடியிருப்பின் கடைசி வரை நடந்து வாருங்கள். பெருமுகாம்களில் மருந்து கொடுத்த பிள்ளையின் இடது சுண்டுவிரலில் மை வைப்பார்கள். மை இல்லாத விரல்களைத் தேடுங்கள். வாசலில் நின்று நான்கு வகைப் பிள்ளைகளைப் பற்றிக் கேளுங்கள்: தூங்குகிற பிள்ளை உண்டா, காய்ச்சலில் படுத்த பிள்ளை உண்டா, விருந்தாளிப் பிள்ளை உண்டா, இப்போதுதான் பிறந்த பிள்ளை உண்டா? “எல்லாருக்கும் போட்டாச்சு” என்று சொன்ன வீட்டிலிருந்துதான் இந்தக் கேள்விகளுக்குப் பிள்ளை வெளியே வரும். படகுத்துறை, சந்தை, சாமான் ஏற்றும் லாரி நிற்கும் இடம் இவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

அடுத்த தேதியை அந்த இடத்திலேயே, கங்காணியும் அந்தக் கூட்டத்துப் பெண்ணும் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். பென்டா டோஸ்களுக்கு நடுவே குறைந்தது நான்கு வாரம் இருந்தால் போதும் என்பதால், நகரப் போகும் குடும்பங்களுக்கு அட்டவணையின் இரண்டு மாதத்துக்குக் காத்திருக்கலாமா, முன்னதாகவே போடலாமா என்று சயாமாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பியதும் திறக்காத குப்பிகளையும் காலிக் குப்பிகளையும் எண்ணி ஒப்படையுங்கள். பட்டியலில் “அடுத்து எங்கே” என்ற கட்டத்தைப் பார்த்து, வேறு டவுன்ஷிப் என்று எழுதியிருக்கும் பெயர்களைத் தனித்தாளில் பிரித்தெழுதிச் சயாமாவிடம் கொடுங்கள். அவர் அந்த ஊர்ச் சுகாதார நிலையத்துக்குச் சொல்வார். வேலைப்பளுவில் மறந்துவிடுவதும் உண்டு, ஒரு வாரம் கழித்து, “அக்கா, பெகூ பேர் பன்னெண்டும் சொல்லியாச்சா?” என்று போன் போட்டுக் கேளுங்கள்.